சறுக்குமரத்தைக் காணவில்லை

கஜபதி சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்துத்தான் எல்லாரும் வருவார்கள். ஆவடி டாங்கி தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் காலமெல்லாம் குறை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு பட்டாபிராம் ஜனங்கள் தங்கள் குறைகளையும் அவரிடமே கொண்டுவந்து கொட்டினார்கள். இன்று வந்தவள் ஜெகதாம்பாள். அடுத்த தெருப் பூங்காவுக்குக் காவல்காரி.

"அண்ணாத்தே, பார்க்குல கீற சறுக்குமரத்தக் காணோம். நான்தான் காயலாங்கடைல போட்டுட்டேன்றாங்கோ. சாயங்காலம் கார்ப்பரேஷன் இன்ஜினீயர் வர்றாரு. அதுக்குள்ள கெடைக்கலன்னா எனக்கு வேலை இல்லியாம்."

"யார் புகார் கொடுத்தது?"

"பார்க்க ஒட்டிக்கினு கீதே ஃபிளாட்டு, அந்தச் சங்கத் தலைவரு மனோகரன் சாரு. நாலு நாளு முன்னாடி ராத்திரி கேட்ட பூட்டிக்கினு ஊட்டுக்குப் போனேன். காலைல வந்து பாத்தா மொட்டையா கீது."

மாடியில் குடியிருக்கும் கிஷோர் கழுத்தில் ஹெட்செட்டோடு இறங்கி ஓடிவந்தான். ஐ.டி. கம்பெனிக் கூட்டங்களில் மைக்கை அணைத்துவிட்டு, கீழ் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதுதான் அவனுடைய உண்மையான உத்தியோகம்.

"அங்கிள், இது இரும்பு மாஃபியா வேலை!"

"மாஃபியாவுக்குப் பட்டாபிராம்ல என்னப்பா கிடைக்கும்? செருப்பைப் போடு." கஜபதி முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

காணாமல் போன அன்று மாலை பெய்த மழையில் குழைந்த மண், அதன் பிறகு காய்ந்து இறுகியிருந்தது. பூங்கா வாசலில் சின்னச் சரக்கு வண்டி வந்திருந்தால்கூடத் தடம் அச்சாக நின்றிருக்கும். ஒன்றுமில்லை. சறுக்குமரம் நின்ற சிமெண்ட் மேடையில் போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பழைய துணி சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்டிருந்தது. கஜபதி ஒன்றை அவிழ்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"நீ கட்டினியாம்மா?"

"நான் ஏன் கட்டப் போறேன்? வரும்போதே அப்டித்தான் இருந்துச்சு."

தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கேட்டில் தொங்கிக்கொண்டு, "தாத்தா, சறுக்குமரம் எப்போ வரும்?" என்று கேட்டார்கள். ஃபிளாட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் அந்த வழியாகவே போனார்கள். ஒருவனும் பூங்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய கால்சட்டைகளின் பின்பக்கம் மட்டும் செங்காவியாகத் துரு அப்பியிருந்தது.

கஜபதி பெருமூச்சு விட்டார். புதிர் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம் என்ற அலுப்பு அதில் இருந்தது.

அவர் கூப்பிட்டனுப்ப, சற்று நேரத்தில் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் மனோகரனும் சங்க நிர்வாகிகளும் வந்து நின்றார்கள். கஜபதிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"திருடன் ரம்பத்தால அறுப்பான் சார். எண்ணெய் விட்டு நிதானமா நட்டு கழட்ட மாட்டான். அப்படியே கழட்டினாலும், குழந்தைங்க கால் கிழியக்கூடாதுன்னு போல்ட்டுக்குத் துணி கட்டிட்டுப் போக மாட்டான். இது பிள்ளை பெத்தவங்க பண்ணின திருட்டு."

மனோகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டித் தடம் இல்ல. அப்போ தோள்ல தூக்கி, மதில் வழியாத்தான் கடத்தியிருக்கணும். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு யாரும் திருவள்ளூர் வரைக்கும் நடக்கப் போறதில்ல. தெருப் பசங்க சறுக்குமரம் எங்கேன்னு கேக்குறாங்க. உங்க பசங்க கேக்கவே இல்ல. இருக்கிற இடம் தெரிஞ்ச பொருளை எதுக்குக் கேக்கணும்? அவங்க கால்சட்டையில இருக்கிற துரு இங்க வெளியில தெரியாத ஒரே இடமான உங்க ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னாடி ஒட்டினதுன்னு நினைக்கிறேன். கிஷோர், போய்ப் பார்."

கிஷோர் ஓடினான். "இருக்கு அங்கிள்! தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு!"

மனோகரன் தூணில் சாய்ந்தார். "புதுச் சறுக்குமரம் கேட்டு மூணு தடவை மனு கொடுத்தோம் சார். மாநகராட்சி மன்றத்துல, விளையாட்டுச் சாமான் இல்லாத பூங்காவுக்குத்தான் நிதின்னு தீர்மானம் போட்டுட்டாங்க. எங்ககிட்ட இருந்தது ஒரு ஓட்டைச் சறுக்குமரம். என் பையனுக்குத் தொடையில தையல். ஆனா கணக்குப்படி நாங்க வசதியானவங்க!"

"அந்தம்மா பேரை எதுக்கு இழுத்தீங்க?"

"காணோம்னு சொன்னா, யாராவது எடுத்திருக்கணுமே... நிதி வந்ததும் அவங்களுக்காக நாங்களே பேசலாம்னு இருந்தோம்."

"அதுவரைக்கும் இன்னா சார், உங்க மனுவ வடிச்சுத் துன்றதா?" என்றாள் ஜெகதாம்பாள்.

மனோகரனே கொட்டகைப் பக்கம் நடந்தார். ராத்திரியோடு ராத்திரியாகச் சத்தமில்லாமல் தூக்கிய அதே ஆட்கள், பகலில் அதைத் திருப்பித் தூக்கும்போது மட்டும் முதுகு வலிக்கிறது என்றார்கள்.

நட்டு முறுக்கி முடிக்கும்போது இன்ஜினீயர் அமல்ராஜ் பைக்கில் வந்து இறங்கினார். "காணோம்னு எழுதியிருந்தீங்களே?"

"நாங்கதான் எடுத்தோம் சார்," என்றார் மனோகரன். "இந்தம்மாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல. எழுதிக் கொடுத்துடறேன்."

அமல்ராஜ் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படும் சக்தி அவரிடம் மிச்சமில்லை. "இந்த மாசம் இது மூணாவது. ஒரு வார்டுல ஊஞ்சலை மொட்டை மாடியிலேர்ந்து இறக்கினோம். காலி இடத்துக்குத்தான் பணம்னு சொன்னதிலேர்ந்து ஊரே காலியாகிட்டு வருது."

"அப்போ எங்களுக்கு நிதி?"

"உங்ககிட்டதான் சறுக்குமரம் இருக்கே சார்." அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். "அம்மா, நாளைக்கு வழக்கம்போல டூட்டிக்கு வந்துடு."

"அங்கிள், இப்போ நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று கிஷோர் கேட்டான்.

"அந்தம்மாவுக்கு வேலை இருக்கு. எனக்கு மூட்டு வலி இருக்கு. நட, போலாம்."

மனோகரன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெகதாம்பாள் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சுக்கங்கம்மா."

அவள் கேட்டைத் திறந்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே பாய்ந்தார்கள்.

"சரி சார், வழிய உடு. உங்க ஊட்டுப் பசங்க கடைசில நிக்கட்டும். இத்தினி நாளா தனியா சறுக்கிக்கினு இருந்தாங்கோ இல்ல?"

மனோகரன் மகனை அழைத்துக்கொண்டு போய் வரிசையின் வாலில் நின்றார்.