பதினேழாம் நம்பர் காளை

செங்கோடன் காளைக்குப் பாடைச் சுழி கிடையாது. அச்சடித்த தாளில் இருந்தது.

திருமலைசாமி தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார். பதினெட்டாம் நம்பர். மயிலை. நாலு பல். பாடைச் சுழி. அவர் பொள்ளாச்சிச் சந்தையில் நாற்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்த ஆள். போன மாசம்தான் அந்தக் காளையின் முதுகைத் தடவிப் பார்த்து, சுழி இல்லை என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் சோடியாக மயிர் சுழித்திருந்தால் பாடைச் சுழி. வைத்திருப்பவனைத் தூக்கிப் போகும் என்பார்கள். சும்மா கொடுத்தாலும் எவனும் ஓட்டிப் போக மாட்டான். அந்தியூர்த் தேர்ச் சந்தைக்கு முன்னால் பட்டியல் இன்டர்நெட்டில் ஏறுகிறது. சோதித்தவர் என்று அடியில் அவர் பேர்.

"ஏம்மணி, உன்ற மிசினு என்னைய ஊரு சிரிக்க வெச்சுப்போடுமாட்ட இருக்குது?"

காந்திபுரத்து மாடியறையில், மாடு வளர்ப்போர் சங்கத்துக்காக அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் லோகப்பிரியா. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"டேட்டாபேஸ்ல சரியாத்தானுங்க ஐயா இருக்குது. அதை எடுத்து வெப் பக்கத்துல காட்ட பி.எச்.பி.ல ஒரு எக்ஸ்டென்ஷன், கூட ஓடற குட்டி புரோகிராமு, இருக்குதுங்க. ஒரு மாட்டு வெவரத்தை மெமரில ஒரு எடத்துல வெக்குது. காலின்னு சொல்லி எடத்தை விட்டுப்போட்டு, அப்பறமும் அங்கயே போயி எடுக்குது. அதுக்குள்ள அங்க வேற என்னமோ வந்து உக்காந்திருக்குது."

"ஒத்த மொளைக்குச்சில ரெண்டு மாட்டைக் கட்டிப்போட்டு, எது என்றதுன்னு முழிக்குதாக்கும். ரெண்டாப்புப் படிச்ச நானே ஒருநாளும் மாடு மாத்திப் புடிச்சதில்ல. போ."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அந்தச் சுழி பதினேழாம் நம்பரோடதுங்க. சித்திரையில நீங்க அழிக்கச் சொன்னீங்கல்ல."

கருப்புசாமியின் காளை. அதற்கு நிசமாகவே பாடைச் சுழி. சித்திரையில் கட்டுத்தறியில் குப்புறச் செத்துக் கிடந்த கருப்புசாமியைத் தூக்கிய நாலு பேரில் திருமலைசாமியும் ஒருவர். சுழியாவது மண்ணாவது என்று அன்றைக்கும் அவர்தான் பேசினார்.

அவள் புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி வைத்து, திரும்ப ஓட்டி, திரும்ப அச்சடித்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. ஏசி காற்றுக்கும் சூடான மைக்கும் நடுவே, மழையில் நனைந்த மாட்டுத்தோலும் புளித்த பருத்திக்கொட்டையுமாக ஒரு நாற்றம், எங்கிருந்தென்று தெரியாமல், அந்த இரண்டாவது மாடியின் மூடிய கதவுக்குள் மெல்லக் கெட்டிப்பட்டு வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள். வைத்தாள்.

"செங்கோடன் ஐயா தவறிட்டாருங்களாமா. சோறு உண்டுபோட்டு எந்திரிச்சவரு."

பிரிண்டர் தானாக ஓடி நின்றது. பதினெட்டாம் நம்பரில் சுழி இல்லை. பத்தொன்பதாம் நம்பரில் இருந்தது. அது திருமலைசாமியின் காளை.

லோகப்பிரியா தாளின் மேல் விரலை வைத்தாள். "சுழி இந்தத் தடவ மாட்டுக் கட்டத்துல விழுகலீங்க. சொந்தக்காரர் கட்டத்துல, உங்க பேருக்கு நேரா விழுந்திருக்குது. உங்க பேரை அழிச்சுப்போடட்டுங்களா?"

"அழிச்சதுனாலதான அது எடமில்லாம சுத்துது? இருக்கட்டும். எவன் வந்து காலி பண்ணச் சொன்னாலும் நானு பண்றதில்ல."

பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது மேற்கே இன்னும் சிவப்பு இருந்தது. நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். காளையின் திமிலிலிருந்து வால்முட்டி வரை உள்ளங்கையை அழுத்தி இழுத்தார். வழுவழுவென்றிருந்தது. ஒரு மயிர் மாறவில்லை.

"பாத்தியா? பொய்யி. முச்சூடும் பொய்யி," என்று சத்தமாகச் சொன்னார்.

காளை அவரை மோந்தது. பின்வாங்கியது. கயிறு இறுகி முளைக்குச்சி ஆடும்வரை பின்வாங்கியது.

அப்போது அவர் முதுகில் ஒரு உள்ளங்கை விழுந்தது.

கழுத்திலிருந்து கீழே. நிதானமாக. மாடு வாங்க வந்தவன் தடவுகிற மாதிரி. நடு எலும்புக்கு இடது பக்கம் நின்றது. ஒரு விரல் வட்டம் போட்டது. வலது பக்கம். இன்னொரு வட்டம். சட்டைக்குள் மயிர் சுழன்று எழுந்தது அவருக்கே தெரிந்தது.

அவர் திரும்பவில்லை.

தோள் துண்டு நழுவி வலது கையை மூடியது. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேச மூடுகிற மாதிரி. அடியில் ஒரு கை வந்து அவர் விரல்களைப் பிடித்தது. சில்லென்ற கை. மோதிர விரல் பாதிதான் இருந்தது. கரும்பு ஆலையில் விரல் கொடுத்தவன் கருப்புசாமி ஒருத்தன்தான். பக்கத்தில் இன்னொரு கை. மத்தியானம் சோறு உண்டு எழுந்த அந்தக் கையின் சூடு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ராமாமணி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, வந்தவங்க ரெண்டு பேருக்கும் காப்பி வெக்கட்டுங்களா?"

திருமலைசாமி விரல்களை மடக்கி முட்டி பிடித்தார். பல்லைக் கடித்தார்.

"விக்கறதுக்கில்லீடா. போங்கடா."

துண்டுக்கடியில் அவசரம் இல்லை. சுண்டு விரலைப் பிரித்தார்கள். பிறகு அடுத்த விரலை.