ஒரே பெயர், இரண்டு சாவி

செவிலி அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அழவில்லை. அதுதான் பட்டாசுக்குக் கலக்கமாக இருந்தது. அழக்கூட நேரம் கிடைக்காத முகம் அது.

எதையும் படபடவென்று வெடித்துச் சொல்லிவிடுவதால் வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவளுடைய அண்ணி நேர்மாறு. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் வாயைத் திறப்பாள். கணினிகளில் தவறு எங்கே நடந்தது என்று தோண்டி எடுப்பது அண்ணியின் தொழில். அவளோடு ஒட்டிக்கொண்டு திரிவது பட்டாசின் விருப்பம்.

“நான் எச்சரிக்கை மணியை அணைக்கலைங்க,” என்றாள் செவிலி. “மூணாவது படுக்கைப் பெரியவருக்கு மூச்சு இறங்கியிருக்கு. என் மேஜையில மணி அடிக்கவே இல்ல. பச்சை விளக்கு பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அடுத்த அறையில ஊசி போட்டுட்டு வந்து பார்த்தா…” சற்று நிறுத்தினாள். “அவருக்கு இன்னும் நினைவு திரும்பல. அவர் பொண்ணு வாசலை விட்டு நகரமாட்டேங்கறா. சத்தம் தொந்தரவுன்னு நான்தான் மணியை அணைச்சேனாம். நாளைக்கு விசாரணை.”

“அன்னிக்கு மணியை யாராவது தொட்டாங்களா?” என்று அண்ணி கேட்டாள்.

“காலையில கரகரன்னு சத்தம் வந்துச்சு. என் தம்பி அங்கேயே கணினிப் பிரிவுல இருக்கான். நான்தான் கையைக் காலைப் பிடிச்சு அந்த வேலையை வாங்கிக் குடுத்தேன். அவன் மணிப் புரோகிராமை மட்டும் நிறுத்தி, திரும்ப ஓட விட்டான். சோதனைப் பொத்தானை அமுக்கி அடிச்சும் காட்டினான். நல்லாத்தான் அடிச்சுது.”

“பார்த்தீங்களா அண்ணி, மணியில ஒண்ணும் கோளாறு இல்ல!” என்று பட்டாசு துள்ளினாள். அண்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கணினி அறை குளிர்ந்து கிடந்தது. தலைமை மருத்துவரின் அனுமதியோடு உள்ளே போனார்கள். செவிலியின் தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டு வந்தான். தூங்காத கண்கள். அக்காவுக்காகக் கவலைப்படுகிறான் என்று பட்டாசு அவனுக்காக உருகிப்போனாள்.

“அன்னிக்குக் காலையில எதையாவது அழிச்சீங்களா, மாத்தினீங்களா தம்பி?”

“இல்லைங்க. அந்தக் காலி ஃபைல்கூட வச்சது வச்சபடியே இருக்கு. வேணும்னா பழைய நகலோட ஒப்பிட்டுப் பாருங்க.”

பட்டாசே ஒப்பிட்டாள். அதே பெயர். இரண்டுக்குள்ளும் ஓர் எழுத்துகூட இல்லை. மாற்றிய தேதியும் ஒன்றே. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அண்ணி ஏதோ தட்டினாள். திரையில் இரண்டு எண்கள் விழுந்தன. இன்னும் ஏதோ தேடினாள். பிறகு திரும்பாமலே, “டாக்டரையும் இவரோட அக்காவையும் கூட்டிட்டு வா,” என்றாள்.

இருவரும் வந்து நின்றதும் அண்ணி நிதானமாகச் சொன்னாள்.

“இங்க ரெண்டு புரோகிராம் ஓடுது. ஒண்ணு படுக்கைக் கருவிகளைக் கவனிச்சுப் பொது நினைவகத்துல ஒரு இடத்துல எழுதி வைக்கும். இன்னொண்ணு அதைப் படிச்சு மணி அடிக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ரெண்டுக்கும் ஒரே சாவி எண் வேணும். அந்தக் காலி ஃபைலைப் பார்த்துதான் ரெண்டும் சாவியை உண்டாக்கிக்கும்.”

“ஃபைல்தான் மாறவே இல்லைங்கறாங்களே?” என்றார் மருத்துவர்.

“சாவி, பேரை வச்சும் வர்றதில்ல, உள்ள இருக்கறதை வச்சும் வர்றதில்ல. ஒரு ஃபைல் பிறக்கும்போது டிஸ்க் அதுக்கு ஓர் எண் குடுக்கும். அந்த எண்தான் சாவியில போகும். உங்க பேரை இன்னொருத்தருக்கு வச்சு, உங்க சட்டையைப் போட்டுவிட்டா அவர் கைரேகை உங்களோடதா ஆயிடுமா? ஃபைலை அழிச்சுட்டு நகலை வச்சா அது வேற ஃபைல். கவனிக்கிற புரோகிராம் பல நாளா ஓடுது; அதுகிட்ட பழைய சாவி. மணிப் புரோகிராம் அன்னிக்குத் திரும்ப ஓடினப்போ புதுச் சாவி கிடைச்சுது. அந்தச் சாவிக்கு இடமே இல்லாததால காலியா ஒண்ணை உண்டாக்கிக்கிட்டு, ஆபத்து இல்லைன்னு பச்சை காட்டிச்சு. பெரியவருக்கு மூச்சுத் திணறுதுன்னு ஒரு இடத்துல எழுதிக்கிட்டேதான் இருந்திருக்கு. படிக்க ஆள் இல்ல.”

“யார் அழிச்சது?” பட்டாசுக்குப் பொறுக்கவில்லை.

“பழைய சாவியோட கடைசி இலக்கங்கள்ல பழைய ஃபைலோட எண் இருக்கு. அந்த ஃபைல் அழிஞ்சு எண் விடுபட்டதும் வேற ஒரு ஃபைல் அதை எடுத்துக்கிச்சு. நகல் மூட்டையைப் பிரிச்சப்போ கூடவே வந்து விழுந்த ஃபைல் அது. பிறந்தது அன்னிக்குக் காலையில. தம்பியோட கணக்குல.” அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். “நான் எந்த ஃபைல்னு கேக்கலையே தம்பி. காலி ஃபைல்னு நீங்களாத்தான் சொன்னீங்க.”

அவன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

“குப்பையோட குப்பையா அழிஞ்சுபோச்சு. பதறிப்போய் நகல்லேருந்து எடுத்து வச்சுட்டேன். மணி அடிக்கலைன்னு கேட்டதும் இதாலதானோன்னு தோணுச்சு. ஆனா ஃபைல் அப்படியேதானே இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

“அன்னிக்கே அத்தனை பேரு முன்னாடி என்னை நிக்க வச்சுக் கேட்டாங்க,” என்றாள் செவிலி. “நீ கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தடா.”



“வெறும் இடத்தைப் பார்த்துட்டுப் பச்சை காட்டற மாதிரி எழுதினவங்களையும் கேளுங்க டாக்டர்,” என்றாள் அண்ணி. “இப்போதைக்கு ரெண்டு புரோகிராமையும் நிறுத்தி, சேர்த்து ஓட விடுங்க.”

மருத்துவர் செவிலியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தம்பி மெல்ல வெளியே போனான். பின்னாலேயே வந்த பட்டாசு, முதல்முறையாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் நடைவழியில் நின்றாள்.

சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த பெண், அவன் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவசரமாக எழுந்தாள்.

“அப்பா கண்ணு முழிச்சுட்டாரா?”

“இன்னும் இல்லைங்க,” என்றவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். செவிலி வேகமாகப் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

“நடந்ததைச் சொல்லுடா,” என்றாள்.