தலைவர் படத்துக் கண்ணாடி

திங்கள், காலை 11.10. விருத்தாசலம் நகராட்சி ஆவண அறை மேசைமேல் படச்சட்டம் மட்டும் கிடந்தது. உள்ளே இருந்த படம் இல்லை. முன்னாள் நகர்மன்றத் தலைவர் குருமூர்த்தி பதவியேற்ற அன்று எடுத்த படம்.

குருமூர்த்தி பதினோரு வருடம் முன்பு ஜங்ஷனில் ரயிலேறியவர், திரும்பவில்லை. போன வெள்ளிக்கிழமைதான் நகர்மன்றத்தில் அவர் இறந்துவிட்டதாக முடிவு செய்து, படத்துக்குச் சந்தன மாலை போட்டு, பொட்டு வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். கூட்டத்தில் பேசாதவர் இல்லை. அவர் காணாமல் போனபோது தேடிப் போனவர்தான் யாரும் இல்லை.

மாலை ஐந்துக்குள் படம் வராவிட்டால் ஆவண அறை ஊழியர் பக்கிரிக்கு சஸ்பெண்ட். ஓய்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவர் அதே இழுப்பறைகளை மறுபடி மறுபடி திறந்து தேடுவதை எஸ்.ஐ. சிவசங்கரி பார்த்தாள். பாவமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது, இருக்கவில்லை. பங்குனியில் கணவன் இறந்ததிலிருந்து எல்லாமே அப்படித்தான்.

"காலையில யாரு வந்தாங்க?"

"ரெண்டு பேருங்க. டைல்ஸ்ல படம் போடுற ராஜ்மோகன். இந்தப் படத்தக் கேட்டு அஞ்சு தடவ அலஞ்சிட்டாரு."

"இன்னொருத்தர்?"

"தலைவரு சம்சாரம், அம்புஜவல்லியம்மா. வாரா வாரம் வந்து படத்தப் பாத்துட்டுப் போவாங்க. அவங்கள சந்தேகப்பட்டா நாக்கு அழுகிடுங்க."

"நீங்க?"

"டீக்குப் போயிட்டேங்க."

12.30. பீங்கான் சூளை வாசலில் ராஜ்மோகன் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரிஜினலு எனக்கு எதுக்குங்க? செல்லுல எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." காட்டினார். 10.20க்கு எடுத்தது. மாலை இருந்தது, கண்ணாடிமேல் பொட்டும் இருந்தது.

சிவசங்கரி திரும்பி வந்து சட்டத்தைப் பார்த்தாள். பின்னட்டை கழன்றிருந்தது. முன்பக்கக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

3.40. கதவைத் திறந்த அம்புஜவல்லிக்கு எழுபது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம்.

"படத்த எடுக்குறவங்க பின்னால கழட்டினா போதும்மா," என்றாள் சிவசங்கரி. "முன்னால கண்ணாடியத் தொடைக்க வேண்டியதில்ல. செத்துட்டார்னு வெச்ச பொட்டு யாருக்குப் பொறுக்கல? நீங்கதான் எடுத்தீங்க."

அவர் மறுக்கவில்லை. "மாலையக் கழட்டினேன், பொட்டத் தொடச்சேன். நாளைக்கு மறுபடி வெப்பாங்க. அதான் எடுத்துட்டேன்."

"பக்கிரிக்கு வேல போவப் போவுது."

அம்புஜவல்லி உள்ளே போய், பட்டுப்புடவையில் சுற்றிய படத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"குடுத்துருங்க. அவரு வந்தா கேப்பாரு, எம் படத்தால ஒருத்தன் வேல போச்சான்னு."

4.35. பக்கிரி படத்தை வாங்கிக்கொண்டு அழுதார். சிவசங்கரி அறிக்கை எழுதினாள். 'மறைந்த தலைவர்' என்று பழக்கத்தில் வந்துவிட்டது. 'மறைந்த' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த அம்மாவுக்குக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தார். பங்குனிக்குப் பிறகு சிவசங்கரிக்கு முதன்முதலாக ஏதோ தோன்றியது. பொறாமை.