ஏழு தையல்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் மேகலா இறங்கியபோது மணி பதினொன்றரை. தோல் நாற்றம் மூக்கில் ஏறியதும் முந்தானையால் பொத்திக்கொண்டாள். வேலூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த நாற்றம் என்ன புதுசா? புதுசில்லைதான். ஆனால் நாற்பத்தொரு குடும்ப நாவல் எழுதிய எழுத்தாளருக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

கைப்பையில் ஒரு புதுச் சேலையும், அவளுடைய நாவல் 'உன் படியேறி வந்தேன்' ஒரு பிரதியும் இருந்தன. சேலையை ஜோதிக்குக் கொடுத்து, ஜோதியையும் அவள் புருஷனையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். வரும் வழியிலேயே அதன் கீழே போட இரண்டு வரி யோசித்து வைத்துவிட்டாள்.

ஜோதி யாரென்று சொல்லிவிடுகிறேன். ஷூவின் மேல்தோலை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறவள். ஆம்பூரில் அதை அப்பர் தையல் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேகலாவின் நம்பரைத் தேடிப்பிடித்து, மூன்று நாள் போனில் அழுதாள். புருஷன் அடிக்கிறான், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், நான் என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டாள். மேகலா என்ன செய்தாள் தெரியுமா? நோட்டை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

ஜோதிக்கு நிலா என்று பெயர் வைத்தாள். அவள் புருஷனைப் பெரிய தொழிலதிபர் ஆக்கினாள். இணையத்தில் தினம் ஒரு அத்தியாயம் போட்டாள். அவன் அடித்ததற்கு, சின்ன வயசில் தாயில்லாமல் வளர்ந்தவன் என்று ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நிலா தன் உதடு கிழிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். "என் வீட்டு வலி என் வாசலைத் தாண்டாது" என்பாள். அந்த ஒரு வரியை வாசகிகள் ஸ்டேட்டஸில் வைத்துக் கொண்டாடினார்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மேகலா ஒரு ஓட்டெடுப்பு நடத்தினாள். நிலா திரும்பிப் போகலாமா, வேண்டாமா? தொள்ளாயிரம் பேர் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். சேர்த்து வைத்தாள். ஒருத்தியின் உயிர்ப் பிரச்சினைக்கு ஊரைக் கூட்டி ஓட்டு வைக்கிறோமே என்று கொஞ்சமாவது உறுத்தியதா என்றால், இல்லை.

மறுநாள் ஜோதியிடமிருந்து மெசேஜ் வந்தது. "நானும் போறேன் அக்கா." மேகலா ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினாள். அன்றிலிருந்து ஏறிய மேடையிலெல்லாம், "என் நாவல் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

நேற்று அதே நம்பரிலிருந்து போன் வந்திருந்தது. "ஜோதி அம்மா பேசறேன் மேடம். ஒரு தபா வந்துட்டுப் போங்க. உங்களாலதான் ஆவும்."

ஷேர் ஆட்டோ தோல் மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் இறக்கிவிட்டது. பழைய ஓட்டு வீடு. பக்கத்து வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா நசீமுன்னிசா உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மா வூட்டுக்கா? கத எழுதறவங்கதானே நீங்க?"

"ஆமாம்," என்றாள் மேகலா, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

நசீமுன்னிசா ஊசியை நிறுத்தினாள். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "உள்ள போனா பேச்ச கம்மியா வெச்சிக்கோங்க மேடம்."

படித்த பொம்பளை என்றாலே இவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு மேகலா உள்ளே போனாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தோலும் பசையும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் மருந்தின் வாடை. ஜோதியின் அம்மா செல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே "வாங்க" என்றாள். கண் இருட்டுக்குப் பழகியதும் மேகலா சுவரைப் பார்த்தாள்.

ஜோதி அங்கே இருந்தாள். மாலை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள்.

"எப்போ?" என்றாள் மேகலா.

"நீங்க சேத்து வெச்ச நாலாவது மாசம்." செல்லம்மாள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "வாயிலயே குத்திட்டான். ஒதட்டுல ஏழு தையல் போட்டாங்க. டாக்டரு கேட்டதுக்குப் படியில உழுந்துட்டேன்னு சொல்லிட்டா. எங்கிட்டயும் அதேதான் சொன்னா. மறுவாரம் கெணத்துல கெடந்தா. தவறி உழுந்துட்டான்னு எழுதிட்டாங்க."

மேகலாவுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இனி மேடையில் அந்தக் கதையைச் சொல்ல முடியாதே என்று தோன்றியது. இப்படியும் ஒரு மனசு. அப்புறம்தான் மாலைக்குள் இருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னவ சௌமியா உள்ள இருக்கா," என்றாள் செல்லம்மாள். "நாட்றம்பள்ளியில குடுத்தோம். மாப்ள பேரு ஹேமந்த். அவரும் கைய நீட்டிட்டாரு. ரெண்டு வாரமா இங்கதான் இருக்கா. ரெண்டு மணிக்குப் பெரியவங்களோட அழைச்சிட்டுப் போவ வர்றாங்க. உங்க புக்குன்னா அவளுக்கு உசுரு. பெரியவளுக்குச் சொன்னாப்ல இவளுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"பெரியவளுக்கே இப்படி ஆயிருக்கேம்மா."

"இவரு குடிக்க மாட்டாரு மேடம். ரெண்டு பொண்ணும் வாழலன்னா நா வெளிய தல காட்ட முடியுமா?"

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஜோதியின் பிரதியை எடுத்து நீட்டினாள். 'உன் படியேறி வந்தேன்'. மேகலா புரட்டினாள். கடைசி அத்தியாயம் மட்டும் திறக்கவில்லை. அதன் தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் முழுக்கக் கறுப்பு மெழுகு நூலால் யாரோ தைத்திருந்தார்கள். நெருக்கமான, ஒரே அளவான தையல்.

"சின்னவதான் தைக்கறான்னு திட்டுனேன். அறுத்துப் போட்டா காலைல மறுபடியும் தையல் இருக்கும். சின்னவ நாட்றம்பள்ளியில இருந்தப்பவும் இருந்திச்சி." செல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஜோதி ஒரு தையலுக்கு ரெண்டு தபா நூல இழுப்பா. அது அவ கைதான் மேடம்."

"யாராவது விளையாடியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு மேகலா எழுந்தாள். சீக்கிரம் பேசி முடித்துவிட்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

உள் அறையில் சௌமியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். கழுத்தில் ஒரு மஞ்சள் தடம், ஆறிக்கொண்டிருக்கும் காயம். அறை மூலையில் தைக்காத அப்பர்கள் குவிந்து கிடந்தன. அந்த மூலைக்கு அவள் முதுகைக் காட்டவே இல்லை.

"அக்கா, கடைசி சேப்டரு நீங்களே எழுதுனதா?" என்று கேட்டாள்.

"வாசகிங்க கேட்டாங்கம்மா. சோகமா முடிச்சா யார் படிப்பாங்க?"

"எங்கக்காவும் ஓட்டுப் போட்டா, தெரியுமா? நா பக்கத்துல இருந்தேன். போவ வேணாம்னு போட்டா."

பதில் இல்லாதபோது மேகலா மேடைக் குரலுக்கு மாறிவிடுவாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு சௌமியா. ஆம்பளைங்க கோவம் எத்தன நாளைக்கு? நாமதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்..."

சர்ர்க்.

தோலுக்குள் நூல் இழுபடும் சத்தம். மேகலா சௌமியாவின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

சர்ர்க்.

மூலையில் யாருமில்லை.

மருந்து வாடை மட்டும் கிட்ட வந்தது. அப்புறம் இன்னும் கிட்ட வந்தது. யாரோ தன் முகத்துக்கு நேரே குனிந்து மூச்சு விடுவது மேகலாவுக்குத் தெரிந்தது.

குளிர்ந்த இரண்டு விரல்கள் அவள் தாடையைப் பிடித்தன. தைக்கிறவள் தோலைப் பிடிக்கும் பிடி அது. கோணலாகாமல், நழுவாமல்.

"ஒரு வாட்டி..." என்றாள் மேகலா.

கீழுதட்டில் ஊசி இறங்கி மேலுதட்டில் ஏறியது. நூல் ஒரு முறை இழுபட்டது. மறுபடியும் ஒரு முறை இழுபட்டது.

"போய்ப்..."

இரண்டாவது தையல்.

பயத்தில் அவள் கத்தப் பார்த்தாள். மூன்றாவது. கையால் தட்டிவிடப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று ஊசி அவசரமே இல்லாமல் வரிசையாகப் போனது. ஏழாவது தையலுக்கு அப்புறம், நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கேட்டது.

போனின் கறுப்புத் திரையில் மேகலா தன் முகத்தைப் பார்த்தாள். நூல் எதுவும் இல்லை. மூடிய வாயின் குறுக்கே ஏழு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. வாய் திறக்கவில்லை.

சௌமியா பயப்படவே இல்லை. "அக்காதான்," என்றாள் மெதுவாக. "அம்மா என்னப் போவச் சொன்னப்பவும் இப்பிடித்தான். அம்மாவுக்கு ரெண்டு தையல். அதோட அம்மா பேச்ச நிறுத்திக்கிச்சி. தன்னால சொல்ல முடியலன்னுதான் உங்களக் கூப்ட்டுச்சி."

இரண்டு மணி வரைக்கும் மேகலா முந்தானையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே கார் வந்து நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். வேட்டி கட்டிய மூன்று பெரியவர்களும், இஸ்திரி போட்ட சட்டையில் ஹேமந்தும் நின்றிருந்தார்கள்.

"மேடம் பேசிட்டீங்களா?" என்று சிரித்தான் ஹேமந்த். நல்ல பையன் சிரிப்பு. அவள் எழுதிய கதாநாயகர்கள் எல்லாருமே இப்படித்தான் சிரிப்பார்கள். "கெளம்பச் சொல்லுங்க. டைம் ஆவுது."

சௌமியா கதவோரம் வந்து நின்றாள். மேகலா அவள் கழுத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்தவளைப் பார்த்தாள். மனசுக்குள் ஒரு வார்த்தை வந்தது. நாற்பத்தொரு நாவலில் ஒரு இடத்தில்கூட அவள் எழுதாத வார்த்தை. அது வந்த உடனே ஒரு தையல் தளர்ந்தது.

"வர..."

இன்னொன்று தளர்ந்தது.

"வர மாட்டா," என்றாள் மேகலா. உதட்டிலிருந்து ரத்தம் மோவாய்க்கு வழிந்தது. "அடிச்ச வீட்டுக்கு அவ வர மாட்டா. கழுத்தப் பிடிச்சவன் கூட அனுப்ப முடியாது. போங்க."

பெரியவர்கள் கத்தினார்கள். குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற எழுத்தாளர் என்றுதானே சொன்னீர்கள் என்று செல்லம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். ஹேமந்தின் சிரிப்பு போய்விட்டது. அவன் சௌமியாவின் கையைப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தான். என்ன ஆனதோ, சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். அவன் விரலிடுக்கில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தது. பொத்திய கையை எடுக்காமலே போய்க் காரில் ஏறிக்கொண்டான். பெரியவர்களும் பின்னாலேயே போனார்கள்.

செல்லம்மாள் அழவில்லை. மேகலாவின் எதிரே வந்து நின்றாள். முந்தானையை விலக்கியபோது அவள் உதட்டிலும் இரண்டு புள்ளி தெரிந்தது.

"இந்த வார்த்த உன் வாயில இருந்திச்சில்ல?" என்றாள். மேடம் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. "அப்ப எம் பெரியவளுக்கு ஏண்டி சொல்லல?"

மேகலாவிடம் இருந்த ஒரே பதில் தொள்ளாயிரம் ஓட்டு. அதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாலு மணி வேலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். ரத்தம் நின்றிருந்தது. எரிச்சல்கூடக் குறைந்திருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றியாகிவிட்டது, இத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை சுலபமாக முடித்துக்கொள்கிறார்கள் பாருங்கள்.

மாதனூரில் ஒரு பெண் பெரிய பையோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயசு. போனில் கிசுகிசுத்தாள்.

"வந்துட்டே இருக்கேங்க. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. நீங்க மட்டும் கைய நீட்டாதீங்க, அது போதும்."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேகலாவுக்குக் கேட்டது. முழுசாகவே கேட்டது. முகம் தெரியாதவள், யார் வீட்டு விவகாரமோ, நமக்கு எதற்கு? அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே ஓடும் புளியமரங்களைப் பார்த்தாள். பள்ளிகொண்டா தாண்டியது. தோல் நாற்றம் எப்போதோ போயிருந்தது. காற்றில் மருந்து வாடை வந்தது.

அவள் யாரையும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. அவள் வாயே திறக்கவில்லை.

சர்ர்க்.

முதல் தையல் விழுந்த அதே இடத்தில் ஊசி இறங்கியது. குளிர்ந்த இரண்டு விரல்கள் அவள் தாடையைப் பிடித்து, மெதுவாக, அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பின.