திறக்கப்படாத கோப்பு

“என் ரகசியத்தை வெளியே விட்டவங்களுக்கு இந்த வேலையே இருக்கக் கூடாது சார்,” என்று புகாரை மேஜைமேல் வைத்தாள் அந்தப் பள்ளி ஆசிரியை.

மனநல ஆலோசகர்கள்மீது வரும் புகார்களை விசாரிப்பவர் அந்த அதிகாரி. அவருடைய உதவியாளருக்கு அலுவலகத்தில் ‘அவசரம்’ என்று பெயர். ஐம்பது வயதிலும் அந்த அம்மா மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவார்.

மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு, ஆசிரியை தன் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறாள். வீடு போய்ச் சேர்ந்ததும் அண்ணன் அதைச் சொல்லிக் குதித்திருக்கிறான். யார் சொன்னது என்றால், “உன் ஆலோசகரம்மாதான் போன் பண்ணாங்க” என்கிறான். வேறு யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? உரிமத்தைப் பிடுங்கிட வேண்டியதுதான்,” என்றார் அவசரம்.

அதிகாரி ஆசிரியையைப் பார்த்தார். “அன்னிக்கு எத்தனை விஷயம் பேசினீங்க? என்னன்னு சொல்ல வேணாம். எண்ணிக்கை போதும்.”

“ரெண்டு.”

“அண்ணனுக்கு எத்தனை தெரிஞ்சிருக்கு?”

அவள் யோசித்தாள். “ரெண்டாவது மட்டும்தான். முதல் விஷயம் தெரிஞ்சிருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பார்.”

“உங்களை அங்க கூட்டிட்டுப் போறது யாரு?”

“அண்ணன்தான். கீழ கார்லயே இருப்பார்.”

மறுநாள் அதிகாரியும் அவசரமும் ஆலோசகரின் அறைக்குப் போனார்கள். ஆசிரியையின் கோப்பு மேஜைமேல் இருந்தது. அதன்மேல் ஆலோசகரின் கை இருந்தது.

“கோப்பைக் காட்டலைன்னா கேஸ் உங்களுக்கு எதிராப் போயிடும்,” என்றார் அவசரம்.

“அவங்க சம்மதிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்போ திறக்க மாட்டேன். பதினெட்டு வருஷ வேலை. போனாப் போகட்டும்.”

திமிர் என்றுதான் அவசரம் குறித்துக்கொண்டார். திமிர்தான். இந்த வேலைக்கு அவ்வளவு திமிர் வேண்டும் என்பேன் நான்.

வெளியே கூடத்தில், ஆலோசகரின் கதவை ஒட்டி ஒரு மேஜை விசிறி சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

“சுவருக்கா வேர்க்குது?” என்றார் அவசரம்.

“காத்துக்கு இல்லம்மா, சத்தத்துக்கு,” என்றாள் வரவேற்பாளர். “உள்ள பேசறது வெளிய கேட்கக் கூடாதில்ல?”

“அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஓடிச்சா?” என்று கேட்டார் அதிகாரி.

அவள் முகம் வாடியது. “நாலேகாலுக்கு டீ குடிக்கப் போனேன் சார். திரும்பி வந்தா விசிறி நின்னுருந்தது. அதோட பிளக்கைப் பிடுங்கிட்டு யாரோ போன் சார்ஜரைச் செருகியிருந்தாங்க. விசிறியை மறுபடி மாட்டிவிட்டேன். சார்ஜரைக் கேட்டு இதுவரைக்கும் யாரும் வரல.”

இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். வயர் பிய்ந்த இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

அன்று மாலை அதே கூடத்தில் எல்லோரையும் வரவழைத்தார் அதிகாரி.

“நீங்க இந்த மாடிக்கு வந்ததுண்டா?” என்று அண்ணனைக் கேட்டார்.

“படியே ஏறினதில்ல சார்.”

அதிகாரி சார்ஜரை மேஜைமேல் வைத்தார். அண்ணன் வாய் திறக்குமுன் தங்கை பேசிவிட்டாள். “அண்ணா, இந்த டேப்பைச் சுத்தினதே நான்தானே!”

“ஆலோசகர் சொல்லியிருந்தா ரெண்டு விஷயமும் தெரிஞ்சிருக்கும்,” என்றார் அதிகாரி. “பாதி தெரிஞ்சவர் பாதியில வந்தவர். போன்ல சார்ஜ் போச்சு, மேல வந்தீங்க, விசிறியைப் பிடுங்கினீங்க. அதுவரைக்கும் உங்க மனசுல தப்பு இல்ல. குரல் கேட்டுச்சு, நின்னு கேட்டீங்க. தங்கச்சி எழுந்திரிக்கற சத்தம் வந்ததும் சார்ஜரைக்கூட மறந்து ஓடினீங்க. அப்புறம் பழியைத் தூக்கி இவங்க தலையில போட்டீங்க.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒட்டுக்கேட்டேன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு,” என்றான்.

“விசிறி நின்னதை நான் கவனிக்கல,” என்றார் ஆலோசகர். “அது என் தப்பு. அதையும் எழுதிக்கோங்க.”

அவசரம் எழுதினார். எழுதி முடித்து, பழைய பக்கத்தைப் புரட்டி, ‘திமிர்’ என்ற சொல்லை அடித்தார். இப்படி ஒருவரை விசாரித்தோம் என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த இரண்டு விஷயங்களும் என்ன என்று அதிகாரி கடைசிவரை கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

அண்ணன் படியிறங்கிப் போன பிறகு, ஆசிரியை தயங்கியபடி வரவேற்பாளரிடம் போனாள். “செவ்வாய்க்கிழமை நாலு மணி... வேற யாருக்காவது கொடுத்துட்டீங்களா?”

வரவேற்பாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். அவள் வராமல் போன மூன்று செவ்வாய்க்கிழமைகளிலும் அந்த நான்கு மணிக் கட்டம் காலியாகவே இருந்தது.

“யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்கம்மா.”