மழைக்குப் பிறகு வந்த வண்ண நத்தைகள்

"கையக் குடுங்க... இல்லன்னா லாரி உங்கள விட்டுட்டுப் போயிடும்!"

பரக்கோவா ஊரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பொம்மைப் பெட்டியோடு ஓடிவந்த தயாமி, பயணிகள் லாரியிலிருந்து நீண்ட கையைப் பற்றி ஏறினாள். நிமிர்ந்தாள்... கை கொடுத்தவனுக்குத் தேன் நிறக் கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி. விழுமா, விழாதா என்று தன்னை மறந்து பார்த்தாள்.

அந்தக் கண்கள் அவள் கழுத்துக்கு இறங்கின. சட்டென்று இருண்டன.

"இது வண்ண நத்தை ஓடுதானே? உங்க கழுத்து அழகுக்கு எத்தன உசுரு போச்சோ!"

லாரியே திரும்பிப் பார்த்தது.

"எங்க அம்மாவோட மாலை. அவங்க இப்ப இல்ல. உங்ககிட்ட அனுமதி வாங்காமப் போட்டுட்டாங்க... மன்னிச்சிடுங்க சார்!"

சொல்லிவிட்டு, மழைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலைப்பள்ளி வாசலில் இருவருமே இறங்கினார்கள். காட்டு உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தவன் எலியெசெர். பொம்மலாட்டம் காட்ட வந்தவள் அவள். தலைமையாசிரியை இருவரையும் ஒரே நேரத்துக்கு அழைத்திருந்தாள்!

"நீங்க மொதல்ல..." என்றான்.

"வேணாம். திட்டுறவங்களுக்குத்தான் நேரம் நிறைய வேணும்."

அவன் பேசினான். பாசி, ஈரப்பதம், ஓட்டின் அமைப்பு... கடைசி வரிசை கொட்டாவி விட்டது. அவனுக்கு வியர்த்தது. நல்லா வேணும் என்று நினைத்தவளுக்கு, ஏனோ பாவமாகவும் இருந்தது. கிளிப் பொம்மையைக் கையில் மாட்டினாள்.

"ஐயா, நத்தை ஏன் ஓட்டக் கழட்டி வெச்சுட்டுத் தூங்குறதில்ல?"

வகுப்பு சிரித்தது. அவனும்தான்.

"சட்டையா கிளியம்மா கழட்ட? அது உடம்போட ஒட்டுனது. கழட்டினா செத்துரும்."

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "அப்போ... அக்கா மாலையில இருக்கறதெல்லாம்?"

எல்லாக் கண்களும் தயாமியின் கழுத்தில். அவள் மாலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அது அக்காவோட அம்மா ஞாபகம்," எலியெசெர் முந்திக்கொண்டான். "அந்தக் காலத்துல யாரும் எடுத்துச் சொல்லல. அது புரியாம லாரியில ஒருத்தன் கத்துனான் பாரு... அவன்தான் முட்டாள்."

தயாமி மாலையைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்தாள். "இனிமே இது எங்க வீட்டுல பத்திரமா இருக்கும். நீங்க யாரும் புதுசா வாங்காதீங்க... சரியா?"

மழை விட்டது. பிள்ளைகள் காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து, அப்படியே நின்றார்கள். ஈர இலைகளில் மஞ்சளும் சிவப்புமாய், கொம்பு நீட்டி ஊர்ந்துகொண்டிருந்தன உயிருள்ள நத்தைகள். ஒருவரும் தொடவில்லை. மூச்சுவிடவே பயந்தார்கள்.

சாயங்காலம், லாரிக்காகக் காத்திருக்கையில் பனையோலையில் பொதிந்த தேங்காய் இனிப்பை நீட்டினான் எலியெசெர்.

"லஞ்சமா?"

"மன்னிப்பு... அப்புறம் ஒரு விண்ணப்பம். நான் போற பள்ளிக்கூடத்துல எல்லாம் கொட்டாவிதான். உங்க கிளிய அனுப்புவீங்களா?"

"கிளி மட்டும் போதுமா?"

அவன் மண்ணைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். பிறகு அவளை...

"போதாது. கிளி ஒரு சாக்கு. எனக்கு... நீங்கதான் வேணும்."

அவள் இனிப்பை ஒரு கடி கடித்தாள். காதுமடல் சிவந்தது.

"அடுத்த பள்ளிக்கூடம் எந்த ஊருன்னு சொல்லுங்க, வர்றேன். எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு... திட்டுற நேரம் தவிர!"