எச்சில் யாருடையது?

இரட்டையரில் கொஞ்சம் முந்திப் பிறந்தவள் பெரியவள்; பிந்திப் பிறந்தவள் சின்னவள். இருவரும் அச்சில் வார்த்ததுபோல் இருப்பார்கள். குணம்தான் வேறு. எதையும் உடனே தெரிந்துகொள்ளாவிட்டால் பெரியவளுக்குத் தலை வெடித்துவிடும். சின்னவளோ, யாராவது கதையின் முடிவைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

அன்று அம்மா அவர்களை மரபணு ஆய்வகத்துக்கு அழைத்து வந்து, வெளி அறையில் காத்திருந்தார். இரட்டையரின் எச்சிலை அங்கே ஆராய்கிறார்கள். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க அது உதவுமாம். எச்சில் கொடுப்பவர்களுக்கு, மரபணுவைப் படிக்கும் மெஷினைக் காட்டுவார்களாம். அதற்காகத்தான் பெரியவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"நான் தர மாட்டேன்" என்றாள் சின்னவள். "பின்னாடி எனக்கு என்ன நோய் வரலாம்னுகூட அதுல தெரியுமாமே. எனக்குத் தெரிய வேண்டாம். மத்தவங்களுக்கும் தெரிய வேண்டாம்."

"சரிம்மா, விருப்பமில்லேன்னா விட்டுடலாம்" என்றார், எச்சில் பிடிக்கும் குழாயோடு நின்ற ஆய்வக டாக்டர்.

"நான் தர்றேன்!" பெரியவள் குழாயைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். துப்பப் போனவள் சட்டென்று நின்றாள்.

"டாக்டர், நாங்க வெளியில ஒரே மாதிரி. உள்ளேயும் அப்படித்தானா?"

"ஆமா. உங்க ரெண்டு பேர் மரபணுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்போ என் எச்சிலைப் படிச்சா, அவளையும் படிச்ச மாதிரிதானே?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆமாம்மா. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சரியாப் பிடிச்சுட்டே."

கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமுவது கேட்டது. பெரியவளுக்கு வாயில் எச்சில் ஊறி நின்றது. தங்கையைப் பார்த்தாள். சின்னவள் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மடக்! பெரியவள் எச்சிலை விழுங்கிவிட்டாள்.

"இந்தாங்க டாக்டர், உங்க குழாய். இவ சரின்னு சொன்னா வர்றோம். இல்லேன்னா இல்லை."

சின்னவள் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் சிரித்தார். "அதனால என்ன? வாங்க, வாழைப்பழத்தோட மரபணுவைப் பிடிக்கலாம்!"

தன் சாப்பாட்டுப் பையிலிருந்து பழத்தை எடுத்துக் கொடுத்தார். இருவரும் அதைக் கூழாகப் பிசைந்து, உப்புத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வடிகட்டினார்கள். டாக்டர் அதன்மேல் குளிர்ந்த ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றினார். சற்று நேரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல்கள் மிதந்தன.

"ஐய, சளி மாதிரி இருக்கு!" என்று குதித்தாள் சின்னவள். "டாக்டர், வாழைப்பழத்துகிட்ட அனுமதி கேட்டீங்களா?"

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரியவள் குச்சியில் நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். சின்னவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். நேரம் போனதே தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: "என்னடி, அந்த மெஷின் எப்படி இருந்துச்சு?"

பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! அதைக் கேக்கவே மறந்துட்டேனே!"